நாவைச் சோதிப்பதா, கடவுச்சீட்டைச் சோதிப்பதா?

தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கச் செல்வோர்க்கு ஈ-2 என்னும் விசா வழங்கப்படுகின்றது. அதற்கு வேண்டிய தகுதி யாது? அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய 7 நாடுகளுள் ஒன்றன் குடியுரிமை. ஏதேனுமொரு துறையிற் பட்டம். கணிதப் பட்டமும் போதும்! பேராதனையில் ஆங்கிலத்தையே சிறப்புப் பாடமாகக் கற்றவரோ, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பதால் வாயிலிலேயே நிறுத்தப்படுகிறார்.

2010 இல் நடைமுறைக்கு வந்த வாணிப உடன்படிக்கை இந்தியருக்குச் சிறு வழி திறந்தது. ஆனால் அவரிடம் மட்டும் ஆசிரியச் சான்றிதழுங் கேட்கப்படுகின்றது. இதுவா சமநீதி?

"தாய்மொழியாளரே செவ்வனே கற்பிப்பர்" என்பர். பேசுதல் வேறு, கற்பித்தல் வேறு. அன்றியும், தென்னாபிரிக்க மக்களுட் பெரும்பான்மையோரின் தாய்மொழி ஆங்கிலமன்று. தாம் வகுத்த பட்டியலே தம் வாதத்தை முறியடிப்பதை அவர் காணாரோ?

தரம் வேண்டாமென யாம் கூறவில்லை. தரத்தை அளந்து காணுங்கள் என்கின்றோம். ஹொங்கொங் அதனைச் செய்தது. 2000 இல் ஆசிரியர்கள் எதிர்த்து ஊர்வலஞ் சென்றபோதும், 2001 இல் மொழித்திறன் தேர்வு தொடங்கிற்று. வாசிப்பு, எழுத்து, செவிமடுத்தல், பேச்சு, வகுப்பறை மொழி என ஐந்தும் அங்கே சோதிக்கப்படுகின்றன. தேறாதவர் மீண்டும் முயலலாம். பிறந்த நாட்டை எவர்தாம் மாற்றவியலும்?

வன்னி உழவன் விதைநெல்லை முளைக்கவைத்துப் பார்த்தே தெரிகிறான். சாக்கின் முத்திரையைப் பார்த்தன்று. அவ்வுழவனின் அறிவு ஓர் அரசுக்கு இல்லையெனில், இழப்பு எமக்கு மட்டுமன்று, கொரிய மாணவர்க்குமே!