வளரும் குழந்தையின் அறை

காலத்துக்குக் காலம் வீட்டு அலங்காரத்தில் ஒரு மோகம் வந்து சேர்கிறது. சென்ற தலைமுறையில், கண்ணாடி அலமாரியில் பொம்மைகளை அடுக்கிப் பூட்டி வைப்பதே நாகரிகம் என்று எண்ணியிருந்தோம். இப்போது வெள்ளைச் சுவர், வெளிறிய மரத்தில் மேஜை, சாமான் அதிகமில்லாத தரை என்பதே நாகரிகம் என்று ஆகியிருக்கிறது. இதற்கு ஸ்காண்டிநேவியப் பாணி என்று பெயர். வரவேற்பறையோடு அது நின்றுவிடவும் இல்லை. ஐந்து வயதில் வாங்கிய கட்டிலில், பத்து வயதுப் பையனின் கால்கள் வெளியே நீண்டு தொங்குவதைக் கண்டதும், "இவன் அறையையும் மாற்றிவிட வேண்டியதுதான்" என்று பெற்றோர் தீர்மானிக்கிறார்கள். பிறகு படங்களைப் புரட்டுகிறார்கள். வெள்ளை அறை, வெள்ளைக் கட்டில், மூலையில் ஒரே ஒரு மரக்குதிரை, ஜன்னல் வழியே இளவெயில். எல்லாம் வெகு நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் குழந்தையை மட்டும் காணோம்!

குழந்தை எங்கே போயிற்று என்று தேடிப் பார்ப்பதற்காக இவ்வாரம் வாசகர்களை வட ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அந்தப் பாணி பிறந்து வளர்ந்த வீடுகளில் குழந்தை காணாமற்போகவில்லை. அங்கே வீட்டின் நடுநாயகமாக இருந்ததே குழந்தைதான்.

ஸ்வீடன், நார்வே, டென்மார்க் ஆகிய மூன்று தேசங்களையும் ஸ்காண்டிநேவியா என்பது வழக்கம். மரச்சாமான் விஷயத்தில் அண்டை நாடாகிய பின்லாந்தையும் இவற்றோடு சேர்த்துக்கொள்வார்கள். டிசம்பர் மாதக் கடைசியில், ஸ்வீடனின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் காலை எட்டே முக்கால் மணி சுமாருக்குச் சூரியன் உதயமாகிறது. பிற்பகல் மூன்று மணிக்குள் அஸ்தமித்தும் விடுகிறது. பகற்பொழுது என்பது ஆறு மணி நேரம். இன்னும் வடக்கே போனால் சில வாரங்கள் சூரிய தரிசனமே கிடையாது. இத்தகைய தேசத்தில் வெளிச்சம் என்பது நெய்யைப்போல் சிக்கனமாகச் செலவிட வேண்டிய பண்டம். ஜன்னல் வழியே வரும் சொற்ப ஒளியை அறை முழுதும் பரப்புவதற்கு வெள்ளைச் சுவர் உதவிற்று. சுற்றிலும் வளர்ந்து நின்ற பைன் மரமும் பிர்ச் மரமும் வெளிறிய நிறமுடையவை. கைக்கெட்டிய மரத்தைக் கொண்டு மேஜையும் பெஞ்சும் செய்துகொண்டார்கள். குடியானவர் வீடுகளில் பகலில் ஆசனமாகவும், இரவில் பக்கவாட்டில் இழுத்து அகலப்படுத்தினால் கட்டிலாகவும் பயன்படும் பெஞ்சு ஒன்று இருக்கும். கந்தல் துணிகளை நாடாக்களாகக் கிழித்து நெய்த விரிப்பு தரையில் கிடக்கும். இவற்றையெல்லாம் அவர்கள் அழகுக்காகச் செய்யவில்லை. குளிரும் இருளும் வறுமையும் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்வீடன் நகரங்களில் வசதியாக வாழ்ந்த குடும்பங்கள் இந்தப் பாடத்தை மறந்திருந்தன. கருத்த நிறச் சுவர்க் காகிதம், கனத்த திரைச்சீலை, சிற்ப வேலைப்பாடு நிறைந்த பெரிய நாற்காலிகள் இவையே அவர்களுக்குக் கௌரவமாக இருந்தன. அப்படிப்பட்ட காலத்தில், 1888-ம் வருஷம், கார்ல் லார்ஸன் என்ற சித்திரக்காரருக்கும் அவர் மனைவி காரினுக்கும் காரினின் தகப்பனார் ஒரு சிறிய மரவீட்டைக் கொடுத்தார். தாலார்னா மாகாணத்தில் ஸுண்ட்போர்ன் என்ற கிராமத்தில் அந்த வீடு இருக்கிறது. தம்பதிகளுக்கு எட்டுக் குழந்தைகள் பிறந்தார்கள். குழந்தைகள் பெருகப் பெருக வீட்டையும் கொஞ்சங் கொஞ்சமாக விஸ்தரித்தார்கள். காரினும் முறையாகச் சித்திரம் பயின்றவர். கலியாணத்துக்குப் பிறகு தூரிகையை வைத்துவிட்டுத் தறியில் அமர்ந்தார். திரைகளையும் விரிப்புகளையும் தாமே நெய்தார். மேஜை நாற்காலிகளைத் தாமே வரைந்து தச்சரிடம் கொடுத்துச் செய்வித்தார்.

கார்ல் லார்ஸன் அந்த வீட்டின் அறைகளை நீர்வர்ணச் சித்திரங்களாகத் தீட்டினார். அவை 1899-ம் வருஷம் புஸ்தகமாக வெளிவந்தன. 'ஒரு வீடு' என்பது அதன் பெயர். அந்தச் சித்திரங்களைப் பார்த்தால் நம் காலத்து அலங்காரப் படங்களுக்கும் அவற்றுக்கும் உள்ள பேதம் உடனே புலப்படும். அங்கே சிவப்பும் பச்சையும் மஞ்சளும் தாராளமாக இருக்கின்றன. அவற்றைவிட முக்கியமாகக் குழந்தைகள் இருக்கிறார்கள். தாயும் சிறு பெண்களும் உறங்கும் அறை ஒரு சித்திரம். குறும்பு செய்ததற்காக மூலையில் உட்கார வைக்கப்பட்ட பையன் இன்னொரு சித்திரத்தில் வருகிறான். அவன் தண்டனை அனுபவிக்கும் இடமோ வீட்டின் அழகான அறை! விருந்தாளிக்காகப் பூட்டி வைத்த கூடம் அங்கே இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுவதில்லை.

அதே 1899-ம் வருஷத்தில், எல்லென் கீ என்ற அம்மையார் 'எல்லோருக்கும் அழகு' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். இவர் ஸ்டாக்ஹோமில் ஒரு பெண்கள் பாடசாலையில் உபாத்தியாயினியாக இருந்தவர். ஆகையால் நமக்கு அவரிடம் சற்று அதிகப்படியான அபிமானம் உண்டு. எந்தப் பொருளும் தன் காரியத்தைச் செவ்வனே செய்ய வேண்டும். அப்போதுதான் அது அழகுடையதாகும் என்பது அவருடைய கொள்கை. அழகுக்குப் பணம் அவசியமில்லை என்றும், ஓர் அறையானது அதில் வசிப்பவருடைய இயல்பைக் காட்ட வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். மறு வருஷம், 1900-ல், 'குழந்தையின் நூற்றாண்டு' என்ற நூலை எழுதினார். குழந்தை பெரியவர்களின் சிறிய பிரதியன்று, தனக்கென ஓர் ஆளுமை உடையது என்பது அந்த நூலின் சாரம். குழந்தையை அடிக்கலாகாது என்றும் அதில் வாதாடினார். பெற்றோர்கூடக் குழந்தையை அடிக்கலாகாது என்று, உலகத்திலேயே முதன்முதலாக, ஸ்வீடன் 1979-ம் வருஷத்தில் சட்டம் செய்தது. அறையின் அழகைப் பற்றி எழுதிய கைதான் குழந்தையின் மதிப்பைப் பற்றியும் எழுதிற்று என்பதை நாம் மறக்கலாகாது. இரண்டும் ஒரே சிந்தனையின் இரு கிளைகள்.

இச்சிந்தனை பிறகு தொழிற்சாலைகளையும் எட்டிற்று. 1917-ம் வருஷம் ஸ்டாக்ஹோமில் நடந்த ஒரு கண்காட்சியில், சிறு வருமானமுள்ள குடும்பங்களுக்கு ஏற்ற சிறிய வீடுகளைச் சாமான்களோடு அமைத்துக் காட்டினார்கள். 1919-ல் கிரெகோர் பௌல்ஸன் என்பவர் அன்றாடம் புழங்கும் பண்டங்கள் இன்னும் அழகாக இருக்க வேண்டும் என்று கோரி ஒரு பிரசுரம் வெளியிட்டார். நகரங்களில் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டுமாக நெருக்கியடித்து வாழ்ந்த குடும்பங்கள் அப்போது ஏராளம். அவர்களுக்குத் தேவை இலேசான சாமான். சுலபமாகத் துடைக்கக்கூடிய சாமான். ஒன்றே இரண்டு மூன்று காரியத்துக்கு உதவும் சாமான். எளிமை என்பது அங்கே இடநெருக்கடிக்குக் கண்ட விடையாக இருந்தது.

வளரும் குழந்தைக்கு அந்நாட்டுக் கலைஞர்கள் செய்தளித்தவற்றையும் சற்றுப் பார்ப்போம். பின்லாந்தின் ஆல்வார் ஆல்டோ 1933-ல் பிர்ச் மரத்தை வளைத்து மூன்று கால் முக்காலி ஒன்றைச் செய்தார். அதை ஆசனமாகவும் வைத்துக்கொள்ளலாம், சிறு மேஜையாகவும் வைத்துக்கொள்ளலாம். வேண்டாதபோது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம். டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியான் வேடெல் 1957-ல் ஒட்டுப்பலகையை அரைவட்டமாக வளைத்துக் குழந்தைக்கு ஒரு நாற்காலி செய்தார். அதைப் புரட்டி வைத்தால் வேறொரு சாமானாக மாறும். குழந்தையே அதைப் புரட்டி விளையாடலாம். நார்வே தேசத்துப் பீட்டர் ஓப்ஸ்விக், தம் மகன் குழந்தை நாற்காலிக்குப் பெரியவனாகவும் சாப்பாட்டு மேஜை நாற்காலிக்குச் சிறியவனாகவும் இருந்ததைக் கவனித்தார். 1972-ல் அவர் செய்த நாற்காலியில் உட்காரும் பலகையையும் கால் வைக்கும் பலகையையும் வேண்டிய உயரத்தில் செருகிக்கொள்ளலாம். குழந்தை வளர வளரப் பலகைகள் கீழே இறங்கும். அந்த நாற்காலி இன்றைக்கும் விற்பனையாகிறது. கால் தரையில் எட்டாமல் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்து, "ஆடாதே!" என்று அதட்டுகிறோம். ஓப்ஸ்விக் பிள்ளையை அதட்டவில்லை, நாற்காலியைத் திருத்தினார்!

இத்தனையும் சொன்னதற்குக் காரணம் உண்டு. பிள்ளையின் அறையை இந்தப் பாணியில் மாற்ற விரும்பும் குடும்பங்கள் நம்மிடையே பெருகி வருகின்றன. அவர்கள் கடையில் ஆரம்பிக்காமல் குழந்தையில் ஆரம்பிக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கிறான்? எங்கே படுத்துக்கொண்டு கதை படிக்கிறான்? எதை எடுக்க அம்மாவைக் கூப்பிடுகிறான்? ஒரு வாரம் இவற்றைக் கவனித்தால் அறையில் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பது தானே தெரிந்துவிடும். வளர்ந்த ஆளுக்கும் போதுமான நீளமுள்ள கட்டில் ஒன்று. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஒரு மேஜை. கால் ஊன்றக்கூடிய ஆசனம். பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் தட்டுகள். விளையாட்டுச் சாமானுக்கு ஒரு பெட்டி. நடுவில் காலியான தரை. பத்து வயதுக்கு இவை போதும்.

வீட்டில் இருக்கும் தேக்குப் பெஞ்சைப் பழசு என்று தள்ளிவிட்டு, வெளிறிய மரத்தில் புதுப் பெஞ்சு வாங்குவது அந்தப் பாணியின் தோலை எடுத்துக்கொண்டு பழத்தை எறிவதாகும். பரம்பரைப் பெஞ்சை இழைத்து எண்ணெய் பூசி உபயோகிக்கும் குடும்பமே லார்ஸன் தம்பதிகளுக்கு உறவு. வெள்ளைச் சுவர் விஷயமும் அப்படியே. ஆறு மணி நேர வெளிச்சத்துக்கு ஏங்கும் ஊரில் அது வரம். வெயில் கொளுத்தும் நம் ஊரில், வெயில் நேரே விழும் சுவரில் பளீரென்ற வெள்ளை அடித்தால் படிக்கிற பிள்ளைக்குக் கண் கூசும். அங்கே சற்று மங்கலான சந்தன நிறமோ, இளம் பச்சையோ தகும்.

இன்னொரு விஷயத்தைப் பெற்றோர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். எளிய பாணியில் செய்த உயரமான இழுப்பறைப் பெட்டிகள் பார்வைக்குச் சாதுவானவை. ஆனால் குழந்தை இழுப்பறைகளைத் திறந்து படிக்கட்டாக எண்ணி ஏறினால் முன்புறமாகக் கவிழ்ந்துவிடும். இவ்வாறு கவிழ்ந்து குழந்தைகள் உயிரிழந்ததன் காரணமாக, 2016-ம் வருஷம் அமெரிக்காவில் ஒரு கம்பெனி விற்ற சுமார் 2 கோடியே 90 லட்சம் பெட்டிகள் திரும்பப் பெறும் அறிவிப்புக்கு உள்ளாயின. ஆகையால் அலமாரி, இழுப்பறைப் பெட்டி, புத்தகத் தட்டு எதுவாயினும் சுவரோடு ஆணியும் பட்டையும் வைத்து இறுக்கிய பிறகே குழந்தையை அறைக்குள் விட வேண்டும். அழகு அதற்குப் பிறகு.

கடைசியாக, மிகவும் கடினமான காரியத்துக்கு வருகிறோம். அறையை எளிமைப்படுத்துவது என்றால் எதையாவது கழிக்க வேண்டும். எதைக் கழிப்பது? யார் தீர்மானிப்பது? பையன் பள்ளிக்கூடம் போயிருக்கும் சமயம் பார்த்து, அம்மாவும் அப்பாவும் மூட்டை கட்டிவிடுவதுதான் அநேக வீடுகளில் நடக்கிறது. மூட்டைக்குள் போகிறவை ஒரு சக்கரம் இழந்த லாரி, கடற்கரையில் பொறுக்கிய சோழி, யாரோ ஒரு சிநேகிதன் கொடுத்த உடைந்த பம்பரம், இரண்டாம் வகுப்பில் வரைந்த யானை. நம் கண்ணுக்குக் குப்பை. அவனுக்கு அவை சரித்திரம். வகுப்பறையில் இருபது வருஷம் நின்ற அனுபவத்தில் ஒன்று சொல்லத் துணிகிறோம். தன் பொருளைத் தன்னைக் கேளாமல் எறிந்துவிட்டார்கள் என்பதை ஒரு பிள்ளை எளிதில் மறப்பதில்லை. அதற்குப் பிறகு அவன் பொருள்களை மாத்திரம் ஒளிப்பதில்லை. மனத்தில் உள்ளவற்றையும் ஒளிக்கத் தொடங்குகிறான்.

இதற்கு வழி சுலபமானது. பிள்ளையை அருகில் உட்கார வைத்துக்கொண்டு சாமான்களை மூன்று கூறாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும்: கைக்கெட்டும் தட்டில் இருக்க வேண்டியவை, பெட்டியில் போட்டுப் பரண்மேல் வைக்கலாம் என்பவை, தம்பி தங்கைக்கோ பிறருக்கோ கொடுத்துவிடலாம் என்பவை. தீர்ப்பு அவனுடையதாக இருக்கட்டும். ஒரு பொருளைப் பரணுக்கு அனுப்பும்போது அவன் சற்றுத் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கும் நேரம் கொடுக்கட்டும். சுவர்களில் ஒன்றை அவனுக்கே விட்டுவிடலாம். அதில் அவன் ஒட்டும் படம் நமக்குப் பிடிக்காமற் போகலாம். ஆறு மாதத்தில் அவனுக்கே பிடிக்காமற் போய்விடும். வேறொன்று ஒட்டுவான். பிள்ளை வளர்கிறான் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் ஏது?

காலியான தரை எதற்காக? அதில் அவன் நாளை என்ன செய்யப் போகிறான் என்பது நமக்குத் தெரியாது என்பதற்காக. அந்த இடத்தைச் சாமானால் அடைக்காமல் விடுவது எளிமை. அதைப் பார்த்து ரசிப்பதற்காகப் பிள்ளையை அங்கே உட்காரவிடாமல் விரட்டுவது வேறொரு விதமான ஆடம்பரம். புது அறை தயாரான ஒரு மாதம் கழித்து வாசகர்கள் உள்ளே எட்டிப் பார்க்கட்டும். முதல் நாள் இருந்த மாதிரியே அப்பழுக்கின்றி இருந்தால் சிறிது கவலைப்படலாம். தரையில் பாதி கட்டிய கோட்டையும், மேஜைமேல் திறந்த புத்தகமும், சுவரில் கோணலாக ஒட்டிய படமும் இருந்தால், காரியம் பலித்துவிட்டது என்று கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வரலாம்.