கட்டாக்காலிக் குதிரைகள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாசப்பலில் பே.எம்.உய் பலகை தொங்கும் ஒரு பாருக்குள் நுழைந்து பாருங்கள். எங்கடை ஆட்கள் பத்துப்பேராவது அண்ணாந்து ரிவி பார்த்தபடி நிற்பார்கள். வன்சேன் மைதானத்தில் குதிரை ஓடிக்கொண்டிருக்கும். முதல் மூன்று குதிரைகளைச் சொல்லும் 'தியர்சே' பந்தயத்தை 1954ல் தொடங்கிய பிரெஞ்சுக்காரர், தமிழ் அகதிகள் கோப்பை கழுவியும் உள்ளி உரித்தும் உழைக்கப்போகிற காசும் இதற்குள் வந்து விழும் என்று கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். நானும் விளையாடியிருக்கிறேன். ஒரேயொரு முறை பதினெட்டு யூரோ விழுந்தது. போனதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

அந்தப் பாரில்தான் சண்டை வந்தது. எனக்கு மூத்த ஒரு அண்ணை, நெடுந்தீவுக்காரர். தோற்ற ரிக்கற்றைக் கசக்கி எறிந்துவிட்டுக் கைத்தொலைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். வெட்டையான தரவை, தூரத்தில் பனை, நடுவில் பத்துப் பன்னிரண்டு மட்டக்குதிரைகள்.

"பார் தம்பி, உலகத்தில எந்தத் தமிழனுக்கு இருக்கு? எங்கடை காட்டுக்குதிரை!"

"காட்டுக்குதிரை இல்லையண்ணை, கட்டாக்காலி" என்றேன்.

அவ்வளவுதான். இரண்டு கிழமையாக அண்ணை என்னோடு கதைப்பதில்லை. நேரில் சொல்லப்போனால் அடி விழுந்தாலும் விழும், ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நெடுந்தீவில் குதிரை முளைக்கவில்லை. போர்த்துக்கேயர் கொண்டுவந்து விட்டார்கள் என்பார்கள். ஒல்லாந்தர் காலத்தில் அங்கே குதிரை வளர்ப்பு பெரிதாக நடந்தது. தங்கள் ஊரான டெல்வ்றின் பெயரைத் தீவுக்கு வைத்ததும் அவர்கள்தான். பிறகு வெள்ளைக்காரன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற லெப்ரினன்ரைப் பொறுப்பாகப் போட்டு நடத்தினான். குதிரை லாயத்தின் கல்தூண்கள் இன்னும் நிற்கின்றன. பட்டாளத்துக்கும் துரைமாருக்கும் குதிரை தேவைப்பட்டவரை லாயம் இருந்தது. தேவை முடிந்ததும் துரைமார் போனார்கள், குதிரைகள் நின்றன. உப்புக்காற்று, கருகின புல், மழை பெய்தால் தண்ணீர். அந்தச் சீவியத்தில் தாக்குப்பிடித்தவற்றின் குட்டிகள்தான் அண்ணையின் வீடியோவில் நிற்பவை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவுப்பகுதியிலிருந்து நாங்கள் இடம்பெயர்ந்தபோது அம்மா கடைசியாகச் செய்த வேலை மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டது. கட்டியிருந்தால் செத்துவிடும், அவிழ்த்துவிட்டால் தன்பாட்டில் மேய்ந்து பிழைக்கும் என்றா. பின்னாளில் அந்த வளவுகளில் ஆளைக் கண்டால் வெருண்டோடும் மாடுகள் திரிந்தன. யாராவது அவற்றைக் காட்டுமாடு என்று சொல்லியிருந்தால் அம்மா அழுதிருப்பா. கட்டாக்காலி என்ற சொல்லுக்குள், ஒருகாலத்தில் அதைக் கட்டி வைத்திருந்த ஒரு கை இருக்கிறது. அண்ணைக்கு அது அவமானச் சொல்லாகப் பட்டது. எனக்கு அது கணக்குக் கேட்கிற சொல்.

உண்மையில் காட்டுக்குதிரை என்று உலகத்திலேயே ஏதாவது மிச்சமிருக்கிறதா என்பது பெரிய கேள்வி. குதிரையின் மூதாதை ஏறக்குறைய 55 மில்லியன் வருடங்களுக்கு முன் வட அமெரிக்கக் காடுகளில் நாய்க்குட்டி உயரத்தில் திரிந்தது. முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. காடு குறைந்து புல்வெளி விரிய விரிய, ஓடித் தப்பவேண்டியிருந்ததால் உடம்பு பெருத்து, விரல்கள் ஒடுங்கி, நடுவிரல் ஒன்றே குளம்பானது. அந்த இனம் அமெரிக்காவையும் ஆசியாவையும் அப்போது இணைத்திருந்த தரைவழியால் இந்தப்பக்கம் வந்தது. பிறந்த மண்ணில் சுமார் 10,000 வருடங்களுக்கு முன் பூண்டோடு அழிந்தது. பிறகு 1493ல் கொலம்பஸின் இரண்டாம் பயணக் கப்பல்களில் அந்தப்பக்கம் திரும்பிப்போய் இறங்கியபோது அங்கிருந்த சனத்துக்கு அது முன்பின் கண்டிராத மிருகம். இதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. தன்ரை ஊரிலேயே வெளிநாட்டுக்காரன்!

இன்றைய வீட்டுக்குதிரைகளின் வேர் சுமார் 4,200 வருடங்களுக்கு முன் வொல்கா, டொன் ஆற்றுப்பக்கப் புல்வெளிகளில் இருந்தது என்று 2021ல் மரபணுவை வைத்துச் சொன்னவர்கள் இங்கே துலூசில் இருக்கும் லுடொவிக் ஒர்லண்டோவின் குழுவினர். அந்த வழியில் வராதது மொங்கோலியாவின் பிறெவால்ஸ்கிக் குதிரை ஒன்றுதான். அதையும் 1969க்குப் பிறகு வெளியில் காணவில்லை. மிருகக்காட்சிச்சாலைகளில் மிஞ்சியிருந்ததன் குட்டிகளை 1992லிருந்து திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். அதுவும் ஒருகாலத்தில் மனிதர் பழக்கிவிட்ட குதிரைதான் என்று 2018ல் ஒரு ஆய்வு வந்தது, இல்லை என்று மறுப்பும் வந்தது. அந்தத் தகராறு இன்னும் தீரவில்லை.

தமிழனுக்கும் குதிரை கப்பலில் வந்த சாமான்தான். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழியாகக் குதிரை வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொண்டுபோன காசைத்தான் மாணிக்கவாசகர் கோயில் கட்டிச் செலவழித்தார். பிறகு நரி பரியான கதை உங்களுக்குத் தெரியும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, இந்தப் பாண்டிநாட்டு அரசர்கள் வருடாவருடம் கப்பல்கப்பலாகக் குதிரை வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரிந்தவன் இல்லாததால் அதில் பெரும்பகுதி செத்துப்போகிறது என்று எழுதிவைத்தார். ஐயனாருக்கு மண்குதிரை செய்து வைப்போம், வேட்டைத் திருவிழாவுக்கு மரக்குதிரையில் சாமியை ஏற்றுவோம், உயிர்க்குதிரைக்குத் தண்ணீர் வைக்க மறப்போம்.

பிரெஞ்சுக்காரனும் திறமில்லை. 1866ல் குதிரை இறைச்சி விற்பதைச் சட்டமாக்கினான். 1870ல் ஜேர்மன்காரன் பரிசைச் சுற்றிவளைத்தபோது வண்டியிழுத்த குதிரைகளையே வெட்டித் தின்றார்கள். பரிசின் கடைசிக் குதிரை பஸ் 1913 ஜனவரியில் ஓடி நின்ற இடம், லாசப்பலிலிருந்து நடந்துபோகக்கூடிய லா வில்லெற். 2013ல் மாட்டிறைச்சி என்று விற்ற லசாஞ்ஞாவுக்குள் குதிரை அகப்பட்டது. மாடு தின்னாத நான் உணவகத்துக் குசினியில் பசிக்கு என்னென்னத்தைத் தின்றேன் என்று அன்றைக்கு ஒருதரம் யோசித்துப் பார்த்தேன். ஆனால் இவன் குதிரையைத் தின்றால் தின்றேன் என்கிறான். காட்டுக்குதிரை என்று போட்டோ எடுத்துவிட்டுப் போவதில்லை.

அண்ணை, என் வழக்கு இதுதான். காடு என்று சொன்னால் அது தன்பாட்டில் பிழைக்கும், மனிதன் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது. மாரி பொய்த்த வருடங்களில் அந்தக் குதிரைகள் தாகத்தில் விழுந்து சாகின்றன. கிணறு உவர்த்தால் தீவுச்சனமே குடிதண்ணீருக்குத் தவிக்கிறபோது குதிரைக்கு ஆர் அள்ளி ஊற்றுவது? 2015ல் அரசாங்கம் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்கா என்று அறிவித்தது. வர்த்தமானிக் கடதாசியை எந்தக் குதிரையும் குடிக்காது. இங்கே ஊர்ச்சங்கங்கள் கோபுரத்துக்கு வர்ணம் பூசவும் ஒன்றுகூடலுக்கு மண்டபம் எடுக்கவும் சேர்க்கிற காசில், தரவை ஓரத்தில் நாலு சீமெந்துத் தொட்டி கட்டி, கோடையில் பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்ப ஒருவருக்குச் சம்பளமும் கொடுக்கலாம். முதலில் சனத்துக்குத் தண்ணீர், பிறகு குதிரைக்கு என்பீர்கள். சரி, இரண்டுக்கும் ஒரே பவுசர்தானே வரப்போகிறது.

அடுத்த ஞாயிறும் நான் அந்தப் பாருக்கு வருவேன். இந்த முறை ரிக்கற் வாங்கமாட்டேன். அந்தப் பத்து யூரோவைத் தொட்டிக்கு முதல் காசாக உங்கள் கையில் தருகிறேன். கதைக்காவிட்டாலும் பரவாயில்லை, வாங்கி வையுங்கோ.