பிளஸ் டூ சான்றிதழில் ஒரு வரி கேட்கிறோம்

மாண்புமிகு பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வடமதுரையைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியன் எழுதுகிறேன்.

2025 ஆகஸ்ட் 8ஆம் தேதி மாநிலக் கல்விக் கொள்கை வெளியிடப்பட்டது. அதையொட்டி, 2017-18இல் தொடங்கிய பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் கைவிடப்பட்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதிக் களைத்த பிள்ளைகளைப் பார்த்தவன் என்பதால் அந்த முடிவை மனதார வரவேற்கிறேன். கூடவே ஒரு கவலையும் இருக்கிறது. அந்தத் தேர்வு ஏன் வந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலேயே, முதல் ஆண்டிலிருந்தே பிளஸ் டூ பாடத்தை நடத்தி உருப்போட வைத்தன. தேர்வு போனபின் கிடைக்கும் நேரத்தை நாம் வேறு எதற்காவது கொடுக்காவிட்டால், அந்தப் பழைய வழக்கமே மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த நேரத்தைத் தனி ஆய்வுக்குக் கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். பிளஸ் ஒன் முடிந்த கோடையில் ஒவ்வொரு மாணவரும் தன் ஊரிலிருந்து ஒரு கேள்வியைத் தானே எடுக்க வேண்டும். பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக்கு முன் அதற்குத் தன் கையால் ஒரு விடை தேட வேண்டும்.

இதில் புதிதாக என்ன இருக்கிறது, செயல்திட்டம் ஏற்கெனவே உண்டே என்று உங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். உண்டுதான். அகமதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணுக்குள் ஒப்படைவு, களப்பயணம் ஆகியவற்றோடு செயல்திட்டத்துக்கும் ஒரு சிறு பங்கு வைத்திருக்கிறோம். அது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டேஷனரி கடையில் படம் வாங்கிச் சார்ட்டில் ஒட்டுகிறார்கள். முந்தைய ஆண்டு அண்ணன் எழுதியதைத் தம்பி படியெடுக்கிறான். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லோருக்கும் விடை தெரிந்த ஒன்றைச் செய்யச் சொன்னால் யாருமே படியெடுக்கத்தான் செய்வார்கள். என் ஆய்வகத்திலும் அதே கதைதான். பியூரெட்டில் பெர்மாங்கனேட்டை ஊற்றி மாணவர் கண்டுபிடிக்க வேண்டிய கரைசலின் செறிவு எனக்கு முன்பே தெரியும். சரியான விடைக்குப் பக்கத்தில் வந்தால் முழு மதிப்பெண்.

அதே பியூரெட்டை ஒரு கிணற்று நீருக்குத் திருப்பிப் பாருங்கள். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள தோல் ஷாப்புகளின் கழிவால் பல கிராமங்களின் கிணறுகள் உப்பேறியது ஊரறிந்த செய்தி. தமிழகத் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பில் நம் மாவட்டமும் அடங்கியிருந்தது. இன்று குடகனாற்றங்கரையில் ஒரு குறிப்பிட்ட தோட்டத்துக் கிணற்று நீரின் கடினத்தன்மை எவ்வளவு? மழைக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு? எனக்குத் தெரியாது, பாடநூலிலும் இராது. ஈ.டி.டி.ஏ. கரைசலும் நிறங்காட்டியும் இருந்தால், நீர் திராட்சைச் சிவப்பிலிருந்து நீலமாக மாறும் துளியைக் கவனித்து ஒரு பதினேழு வயதுப் பெண் அதைக் கண்டுபிடித்துவிடலாம். மாதம் ஒருமுறை அதே கிணற்றில் நீர் எடுத்து வந்தால் அரையாண்டுக்குள் அவளிடம் ஒரு அட்டவணை இருக்கும். அந்த ஊரில் வேறு யாரிடமும் இல்லாத அட்டவணை அது.

வணிகவியல் படிக்கும் பையனுக்கு அய்யலூர் வியாழச் சந்தை இருக்கிறது. ஆடி மாதத்துக்கும் தீபாவளிக்கும் இடையில் ஆட்டின் விலை எப்படி ஏறுகிறது, விற்றவருக்கு எவ்வளவு போகிறது, தரகருக்கு எவ்வளவு போகிறது என்று வாரந்தோறும் குறித்து வந்தாலே போதும். வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் ஷிப்டு போகும் தாய்மார்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் நிறையப் பேர். இரவு ஷிப்டு வாரத்தில் அம்மா எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று கேட்டு எழுத அந்தப் பிள்ளைகளைவிடத் தகுதியானவர் யார்? 2022 அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை நாட்டின் முதல் தேவாங்கு சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தக் காட்டோரத்துப் பெரியவர்கள் தேவாங்கைப் பற்றி என்ன நம்பினார்கள், எதற்கு அஞ்சினார்கள், அந்த நம்பிக்கை இன்று எப்படி மாறியிருக்கிறது என்பதைப் பகலில் திண்ணையில் உட்கார்ந்தே கேட்டு எழுதலாம்; இரவில் காட்டுக்குள் போக வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளால் முடியுமா என்ற சந்தேகம் உங்களுக்கு இருக்காது என்று நம்புகிறேன். வேடசந்தூரைத் தாண்டிக் கரூர் சாலையில் போனால் அரவக்குறிச்சிக்குப் பக்கத்தில் பள்ளப்பட்டி. அந்த ஊர் ரிஃபாத் ஷாரூக் பதினெட்டு வயதில், தன் குழுவோடு 64 கிராம் எடையில் செய்த ‘கலாம்சாட்’ செயற்கைக்கோள் 2017 ஜூன் 22 அன்று நாசாவின் ராக்கெட்டில் பறந்தது. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியர் வே. ராஜகுரு நடத்திய தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தின் மாணவர்கள் கல்வெட்டைப் படியெடுக்கவும் படிக்கவும் கற்றார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக நம் மாவட்டங்களில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளை ஆய்வு செய்ய வைத்திருக்கிறது. ஆனால் இவையெல்லாம் ஒரு நல்ல ஆசிரியரோ ஒரு அமைப்போ கிடைத்த இடத்தில் மட்டுமே நடக்கின்றன. மாநாட்டுக்கு 17 வயது வரம்பும் உண்டு. பிளஸ் டூவில் பலர் அதைத் தாண்டிவிடுகிறார்கள். அத்தகைய ஆசிரியரோ அமைப்போ கிடைக்காத பள்ளியின் பிள்ளைக்கு இந்த வாய்ப்பு வருவதே இல்லை.

பணம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கவலை இல்லை. பெருநகரங்களில் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் சர்வதேசப் பள்ளிகளில் ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலாரியட்) பட்டயம் படிக்கும் ஒவ்வொருவரும் 4,000 சொற்களுக்குள் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியே ஆக வேண்டும். அதற்கு வழிகாட்டும் ஆசிரியர் ஒரு மாணவருக்குக் கொடுப்பது மொத்தமே மூன்று முதல் ஐந்து மணி நேரம். கடைசியில் ஆசிரியர் எதிரில் உட்காரவைத்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று வாய்மொழியாகக் கேட்கிறார். இங்கிலாந்திலும் மேல்நிலை மாணவர்கள் விரும்பி எடுக்கும் தனிச் செயல்திட்டத் தகுதி உண்டு. சேர்க்கையின்போது அதைக் கணக்கில் கொள்ளும் பல்கலைக்கழகங்களும் உண்டு. கட்டணம் கட்ட முடிந்தவரின் பிள்ளை கேள்வி கேட்கப் பழகிவிட்டுக் கல்லூரிக்குப் போகிறது. நம் பிள்ளை விடையை மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறது. முதல் செமஸ்டரிலேயே வேறுபாடு தெரிந்துவிடுகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டில் உள்ளே நுழையும் நம் மாணவர் அங்கே நிமிர்ந்து நிற்க இந்தப் பழக்கமும் வேண்டும்.

இப்போது எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து இதற்கு மதிப்பெண் போடாதீர்கள். 600க்குள் இதற்கென்று 20 மதிப்பெண் ஒதுக்கிய மறுநாளே பிரவுசிங் சென்டர்களில் பைண்டிங் செய்த ஆய்வுகள் விற்பனைக்கு வந்துவிடும். இன்று கைபேசியே நொடியில் எழுதித் தருகிறது. கட்-ஆஃபில் அரை மதிப்பெண்ணுக்குப் பெற்றோர் படும் பாட்டை நான் அறிவேன். அந்தப் போட்டிக்குள் இதைத் தள்ளினால் செத்துவிடும். அதற்குப் பதிலாகப் பிளஸ் டூ சான்றிதழில் ஒரே ஒரு வரி சேருங்கள்: மாணவர் செய்த ஆய்வின் தலைப்பும் ‘நிறைவு’ என்ற சொல்லும். செய்யாதவரைத் தோல்வி அடையச் செய்ய வேண்டாம். அவருக்கு அந்த வரி இராது, அவ்வளவுதான்.

அந்த வரியைப் பெற அழகான புத்தகம் வேண்டாம். கையால் தேதியிட்டு எழுதிய களக்குறிப்பேடு ஒன்றும், வெளியாள் ஒருவர் முன் கால் மணி நேர வாய்மொழித் தேர்வும் போதும். கிணற்றுக்குப் போனவர் யார், போகாதவர் யார் என்பது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். நினைத்த விடை வராத ஆய்வுக்கும், பாதியில் வழி மாறிய ஆய்வுக்கும் இதே வரி கிடைக்க வேண்டும். எதிர்பார்த்த எண் வராதபோது அதைத் திருத்தாமல் அப்படியே எழுதும் துணிவைத்தான் நாம் சொல்லித்தர வேண்டும். ஆய்வகத்தில் நாங்கள் சொல்லித்தர மறந்தது அதைத்தான்.

தேர்வாளருக்கு எங்கே போவது? எங்களுக்குத் திண்டுக்கல்லைத் தாண்டினால் காந்திகிராமம் இருக்கிறது. சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் காந்தியின் ஆதாரக் கல்வியை நம்பித் தொடங்கிய இடம் அது. இன்றும் அதன் பல்கலைக்கழக மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிக்கிறார்கள். கால்நடை மருத்துவர், வேளாண் அலுவலர், வனச்சரகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எல்லோரும் ஒரு ஒன்றியத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு நியாயம் செய்யுங்கள். ஏற்கெனவே இணையதளப் பதிவுகளிலும் பயிற்சிகளிலும் பாதி நேரத்தை இழக்கும் முதுகலை ஆசிரியர் தலையில் இதையும் கூடுதலாக ஏற்றாதீர்கள். வாரத்தில் இரண்டு பாடவேளையைக் கால அட்டவணையிலேயே இதற்கென்று ஒதுக்குங்கள்.

மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. வடமதுரை, வேடசந்தூர் ஒன்றியங்களின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் வரும் கல்வியாண்டில் வெள்ளோட்டம் விட ஆணையிடுங்கள். ஊதியம் எதுவும் வேண்டாம். முதல் தேர்வாளர்களில் ஒருவனாக வர நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
வடமதுரை, திண்டுக்கல் மாவட்டம்.