சிங்கப்பூர் நான்கு மணி நேரம், விமான நிலையம்?

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வான்வழியே சுமார் 2,900 கிலோமீட்டர். திருச்சியில் ஏறினால் ஏறத்தாழ 3,000. எங்கே ஏறினாலும் நான்கு மணி நேரத்தை ஒட்டித்தான் பயணம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுவதால், டிக்கெட்டில் உள்ள நேரத்தை மட்டும் பார்ப்பவருக்குப் போக ஆறரை மணி நேரம், திரும்ப ஒன்றரை மணி நேரம் என்று தோன்றும். அது வெறும் கடிகார விளையாட்டு.

விருத்தாசலத்துக்காரரின் கணக்கு வேறு. தெற்கே திருச்சி சுமார் 120 கிலோமீட்டர், வடக்கே சென்னை 200-க்கும் மேல். ரயிலில் முறையே சுமார் இரண்டு மணி, மூன்று மணி நேரம் ஆகும். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். ரயில் தாமதமானால் என்ன செய்வது என்ற பயத்தில் முந்தைய வண்டியிலேயே கிளம்புகிறார்கள். ஆக, வீட்டு வாசலிலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வரை பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சாதாரணம்.

ஒரு காலத்தில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறியவர்களுக்குக் கடலிலேயே ஒரு வாரம் ஓடியது. அந்த ஒரு வாரம் நான்கு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. ஊருக்கும் விமான நிலையத்துக்கும் இடையிலான நேரம்தான் சுருங்க மறுக்கிறது.

பக்கத்திலேயே நெய்வேலியில் ஓடுதளம் இருக்கிறதே என்பார்கள். 2017-இல் சிறு ஊர்களுக்கு விமானம் விடும் ‘உடான்’ திட்டத்தில் அதன் பெயரும் வந்தது, விமானம்தான் வரவில்லை. வந்தாலும் சிறிய விமானம் சென்னைக்குப் போகும், அவ்வளவுதான். அதற்காகக் காத்திருப்பதைவிட, இருக்கிற ரயிலைச் சரிசெய்வது மேல்.

தாம்பரத்தைப் பாருங்கள். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் வாங்கிய கொலு பொம்மைகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கி, சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குக் கொண்டுபோகும் அம்மா, வைகை எக்ஸ்பிரஸிலோ பல்லவன் எக்ஸ்பிரஸிலோ வந்து அங்கே இறங்குகிறார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி, மறுபக்கம் இறங்கி, மின்சார ரயில் பிடித்துத் திரிசூலம் போக வேண்டும். அவர் இறங்கிய அதே எக்ஸ்பிரஸ், விமான நிலையத்துக்கு எதிரிலுள்ள திரிசூலம் நிலையத்தை நிற்காமல் கடந்து எழும்பூர் போகிறது. பெட்டிக்குள் பொம்மையின் கழுத்து தப்பினால் அதிர்ஷ்டம்.

எக்ஸ்பிரஸ் போகும் தண்டவாளம் வேறு, மின்சார ரயிலின் நடைமேடை வேறு என்று ரயில்வே சொல்லலாம். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கென்றே தனி ரயில் நிலையம் கட்ட முன்வந்தவர்களுக்கு, திரிசூலத்தில் ஒரு நடைமேடை மலைப்பான வேலையாக இருக்க முடியாது. தென்மாவட்ட எக்ஸ்பிரஸ்களில் நான்கைந்தாவது அங்கே இரண்டு நிமிடம் நிற்கட்டும். திருச்சியிலும் 2024-இல் பெரிய புது முனையம் திறந்தாயிற்று. ஜங்ஷனிலிருந்து அங்கே ஐந்தாறு கிலோமீட்டர்தான். இரவு விமானங்களுக்கு ஏற்ற நேரத்தில் ஜங்ஷன் வாசலிலிருந்து பேருந்து விட்டால், நள்ளிரவில் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் வேலையாவது மிச்சமாகும்.