சாமியை அடியாளாக்காதீர்கள்

பிள்ளைக்குச் சாமியிடம் பயம் இருக்க வேண்டும் என்று நம்பாத வீடு நம் ஊரில் அபூர்வம். பயம் இருந்தால்தான் பக்தி வரும், பக்தி இருந்தால்தான் தப்புத்தண்டாவுக்குப் போகாமல் வளரும் என்பது பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து மகளுக்கும் கைமாறி வரும் கணக்கு. அதனால் பேச்சு முளைக்கும் முன்பே மிரட்டல் முளைத்துவிடுகிறது. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். சோற்றைச் சிந்தினால் சாமி கோபித்துக்கொள்ளும். படைக்கும் முன் தின்றால் சாமி நாக்கை அறுத்துவிடும். இப்படிச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, அந்தப் பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவர்கள். ஆனாலும் அவர்கள் செய்வது அநியாயம். பிள்ளைக்கும் அநியாயம், சாமிக்கும் அநியாயம்.

போன வருடம் சரஸ்வதி பூஜை சமயத்தில் எங்கள் தெருவில் மெட்ராஸ் ஐ பரவியது. என் நாலு வயது மகளையும் அது விடவில்லை. காலையில் எழுந்தவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமைகள் பீளையில் ஒட்டிக் கிடந்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலை வாரும்போது தெருவே கேட்க அழுகிறவள், அன்று சத்தமே போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சாமி குத்திருச்சாம்மா?" என்று கேட்டாள். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. முந்தின நாள் பக்கத்து வீட்டுப் பூஜையில், படைக்கும் முன்பே சுண்டலில் ஒரு கைப்பிடி எடுத்து வாயில் போட்டிருக்கிறாள். அந்த வீட்டுப் பெரியம்மா, சாமி கண்ணைக் குத்தும் என்ற வழக்கமான மிரட்டலைச் சொல்லியிருக்கிறார். அவருக்கு அது அப்போதே மறந்துபோயிருக்கும். குழந்தை அதைச் சுமந்துகொண்டு வந்து எங்கள் பக்கத்தில் படுத்திருந்திருக்கிறது. விடிந்து பார்த்தால் கண் திறக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை தீர்ப்பு வந்துவிட்டது.

குழந்தை அப்படி நினைத்தது தற்செயல் இல்லை. சிறுவர்களின் நீதியுணர்வை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, 1932-ல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனையை விவரிக்கிறார். பழம் திருடிய ஒரு பையன் ஓடும்போது பாலத்தின் பலகை உடைந்து தண்ணீரில் விழுகிறான். திருடாமல் இருந்திருந்தால் விழுந்திருப்பானா என்று பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலோர், திருடியதால்தான் விழுந்தான் என்கிறார்கள். பலகை உளுத்துப்போயிருந்தால் யார் மிதித்தாலும் உடையும் என்ற பதில், வயது ஏற ஏறத்தான் வருகிறது. நாலு வயதில் காய்ச்சலும் சிராய்ப்பும் தாத்தாவின் சாவும்கூடத் தான் செய்த ஏதோ ஒன்றுக்கான தண்டனையாகத் தெரியக்கூடும். அந்தப் பயத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து ஆற்ற வேண்டியவர்கள் நாம். நாமோ பூஜையறையைக் காட்டி அதை உறுதிப்படுத்துகிறோம்.

சரி, பயந்தாலும் பிள்ளை ஒழுங்காக வளர்கிறதே என்பார்கள். அதுவும் நடப்பதில்லை. உறவினர் வீட்டில் ஒரு பையன் முருகன் படம் போட்ட தினசரி காலண்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்து டப்பாவிலிருந்து வெல்லம் எடுப்பதைப் பார்த்தேன். தின்று முடித்ததும் காலண்டரைப் பழையபடி திருப்பி மாட்டிவிட்டான். பயம் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான்: பார்க்கிற கண்ணை மறைத்துவிட்டால் போதும். ஒரு காலத்தில் அந்த முருகனிடம் "எனக்கு வெல்லம் வேணும்" என்று கேட்கக்கூடிய பிள்ளைதான் அவனும்.

நம் மரபே இப்படித்தான் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. நம் மரபில் இதைவிட நல்ல கதைகள் இருக்கின்றன. சேக்கிழார் சொல்லும் சம்பந்தர் கதையை நினைத்துப் பாருங்கள். சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுப் பிள்ளையை உட்காரவைத்துவிட்டு அப்பா தண்ணீரில் மூழ்குகிறார். அப்பாவைக் காணாமல் பிள்ளை அழுகிறது. அம்மை வந்து பொற்கிண்ணத்தில் பால் கொடுத்துவிட்டுப் போகிறாள். கரையேறிய அப்பா பிள்ளையின் வாயோரம் பாலைப் பார்க்கிறார். யார் கொடுத்த எச்சில் பால் இது என்று கோபம் வருகிறது. ஒரு குச்சியை எடுத்து ஓங்குகிறார். பிள்ளை கோயில் பக்கம் கையை நீட்டிக் காட்டிப் பாடத் தொடங்குகிறது. அந்தக் காட்சியில் குச்சி இருப்பது அப்பாவின் கையில். தெய்வத்தின் கையில் பால்கிண்ணம். சீர்காழியில் ஆண்டுதோறும் சித்திரையில் திருமுலைப்பால் உற்சவம் நடக்கிறது, கூட்டம் கூட்டமாகப் போகிறோம். வீட்டுக்கு வந்ததும் குச்சியைச் சாமியின் கையில் கொடுத்துவிடுகிறோம்.

திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியின் கதையும் அப்படித்தான். அப்பா வெளியூர் போக, பூஜை செய்யும் பொறுப்பு சிறுவனுக்கு வருகிறது. வைத்த நைவேத்தியத்தைப் பிள்ளையார் சாப்பிடவில்லை என்று அழுது கல்லில் தலையை முட்டுகிறான். பிள்ளையார் தும்பிக்கை நீட்டிச் சாப்பிடுகிறார். பள்ளிக்கு நேரமாகிவிட்டது, போனால் வாத்தியார் அடிப்பார், நீயே பாடம் சொல்லிக்கொடு என்று பையன் கேட்டதாகவும் பெரியவர்கள் சொல்வதுண்டு. அடிக்குப் பயந்த பிள்ளை ஓடி ஒளிந்த இடம் சாமியின் மடி. அந்த மடியைத்தான் நாம் பிடுங்கிக்கொள்கிறோம்.

பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலில் போட்டார், குளிப்பாட்டினார், காது குத்தினார். பூச்சி காட்டிப் பயமுறுத்தும் விளையாட்டும் அவர் பாடல்களில் உண்டு. ஆனால் அங்கே பூச்சி காட்டுவது குழந்தைக் கண்ணன், பயப்படுவது பெரியவர்கள். பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகையையே உண்டாக்கி, சாமியிடம் முத்தம் கேட்டு, நிலாவை விளையாடக் கூப்பிட்டு, மணல்வீட்டைக் காலால் சிதைக்காதே என்று கெஞ்சிய மொழி இது. தோப்புக்கரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருமாலின் சக்கரத்தைக் குட்டிப் பிள்ளையார் விளையாட்டாக விழுங்கிவிட்டார். மாமன் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்து கூத்துக் காட்ட, மருமகன் விழுந்து விழுந்து சிரிக்க, சக்கரம் வெளியே வந்தது என்பது கதை. மருமகனைச் சிரிக்கவைக்க மாமன் செய்த வேடிக்கை அது. அதைப் பள்ளிக்கூடத்தில் தண்டனையாக்கினோம். பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தால் வதைப்பதையும் 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. வீட்டுக்குள் நடக்கும் இந்த வதையைத் தடுக்க நம் மனசாட்சியை விட்டால் ஆளில்லை.

கருப்பசாமியும் முனியும் பயமுறுத்தும் சாமிகள்தானே என்று கேட்பார்கள். முறைத்த கண்ணும் ஓங்கிய அரிவாளும் உண்மைதான். ஆனால் ஊர் எல்லையில் நிற்கும் அந்த அரிவாள் வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு எதிராக ஓங்கியது. அந்தக் கோயிலில்தான் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து மொட்டையடித்துக் காது குத்துகிறோம். கிடா வெட்டிச் சொந்தபந்தத்துக்கெல்லாம் சோறு போடுகிறோம். ராத்திரி பயந்து எழும் பிள்ளையிடம் "கருப்பன் காவலுக்கு நிக்கிறான், நீ தூங்கு" என்று சொல்லும் பாட்டிகளை எனக்குத் தெரியும். அந்தச் சாமியை அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

மற்ற மதத்து வீடுகளிலும் இதே மிரட்டல் வேறு பெயரில் நடக்கிறது. ஆனால் அங்கேயும் மரபு பிள்ளையின் பக்கம்தான். தன்னிடம் வந்த பிள்ளைகளைத் தடுத்த சீடர்களை இயேசு கடிந்துகொண்டார் என்று சுவிசேஷம் சொல்கிறது. தொழுகையில் சஜ்தாவில் இருந்த நபிகளின் முதுகில் பேரப்பிள்ளை ஏறிக்கொள்ள, அவன் ஆசை தீர இறங்கும்வரை அவர் தலையைத் தூக்கவில்லை என்று ஹதீஸ் சொல்கிறது.

இந்த மிரட்டலால் பெரியவர்களும் இழக்கிறோம். பயமில்லாத பிள்ளையோடு விளக்கேற்றிப் பாருங்கள். மணி அடிப்பது யார் என்று சண்டை. களிமண் பிள்ளையாருக்குக் குன்றிமணிக் கண் வைக்கும்போது, "வலிக்குமா?" என்ற கவலை. கொலுப்படியில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் தன் பிளாஸ்டிக் டைனோசருக்கும் இடம் வேண்டும், அதற்கும் சுண்டல் வேண்டும். சூடம் தணிந்ததும் "சாமி தூங்கிட்டாரா?" என்று கிசுகிசுக்கும். வேலையும் கடனும் அரித்துத் தின்னும் நாளில் இந்த அரைமணி நேரம் வீட்டையே வேறாக்கிவிடும். அந்தச் சிரிப்புக்கும் கேள்விக்கும் நடுவில் "கண்ணைக் குத்தும்" என்று ஒருவர் சொன்னால் போதும், பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றுவிடும். அதைப் பார்த்து "எவ்வளவு பக்தி" என்று மெச்சுகிறார்கள்.

பிள்ளை செய்வதையெல்லாம் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. வேண்டாம் என்பதை உங்கள் பெயரில் சொல்லுங்கள். "படைச்சதுக்கு அப்புறம்தான் எடுக்கணும், நான் சொல்றேன்." ஏன் என்று கேட்டால், வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு முதலில் போடுவதைப்போல என்று விளக்குங்கள், நாலு வயதுக்கு அது நன்றாகவே புரியும். தட்டை அதன் கையிலேயே கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். அடம் பிடித்தால் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். கோபம் வந்தால் அது உங்கள் கோபம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சாமி தலையில் கட்டாதீர்கள்.