மலைப்பாதைக்கும் பராமரிப்பு வேண்டும்: வெள்ளியங்கிரியை முன்வைத்து

1/
பிப்ரவரி பிறந்தால் போதும், இன்பாக்ஸில் ஒரே கேள்விதான் வரும். "டாக்டர், பிபி மாத்திரை சாப்பிடுறேன், வெள்ளியங்கிரி ஏறலாமா?" "சுகர் இருக்கு, ஏழு மலையும் தாங்குமா?"

நல்ல கேள்விகள். கேட்டுவிட்டுப் போவதுதான் சரி. ஆனால் நாம் ஏறுவதை அந்த மலைப்பாதை தாங்குமா என்று யாரும் கேட்பதில்லை. இன்றைக்கு அதைப் பற்றிப் பேசலாம். இதுவும் உங்கள் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம்தான். எப்படி என்று சொல்கிறேன்.

2/
தெரியாதவர்களுக்காக: கோவைக்கு மேற்கே, பூண்டி அடிவாரத்தில் இருந்து ஏழு மலை தாண்டினால் சுயம்பு லிங்கம். ஒரு வழிக்கு சுமார் 6 கிலோமீட்டர். பிப்ரவரி முதல் மே வரைதான் அனுமதி. முதல் மலை கல் படிகள். மேலே போகப் போக பாறை, வேர், வெறும் மண்.

முன்பு விரதம் இருந்து ஏறியவர்கள்தான் அதிகம். இப்போது அவர்களோடு, "ட்ரெக்கிங்" என்று வார இறுதியில் வருகிற கூட்டமும் சேர்ந்துவிட்டது. ரெண்டு பேரையும் நான் குறை சொல்லவில்லை. மலை ஏறுவது உடம்புக்கும் மனசுக்கும் நல்லது.

3/
ஆனால் நாலே மாதத்தில் அத்தனை கால்களும் ஒரே பாதையில் விழுந்தால் என்ன ஆகும்?

மேல்மண்ணை மலையின் தோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேலே இருக்கும் புல்லும் சருகும்தான் முதல் பாதுகாப்பு. கால் பட்டுப் பட்டு முதலில் அது போகும். அடுத்து மண் இறுகும். மண்ணுக்குள் இருக்கிற சின்னச் சின்ன துவாரங்கள் வழியாகத்தான் மழைநீர் உள்ளே இறங்கும். மிதிபட்டு அவை அடைபட்டுவிட்டால் தண்ணீர் உள்ளே போகாது. சிமென்ட் தரையில் ஓடுவது மாதிரி மேலேயே ஓடும்.

4/
ஓடுகிற தண்ணீருக்கு சரிவான ஒரு தடம் கிடைத்தால் விடுமா? நம் நடைபாதையையே வாய்க்கால் ஆக்கிக்கொள்ளும். மண்ணை அள்ளிக்கொண்டு போகும். வேர்கள் வெளியே தெரியும், கற்கள் ஆடும்.

அடுத்த வருஷம் வருகிறவர் "இங்கே கால் வைக்க முடியலையே" என்று ஓரமாக ஒதுங்கி நடப்பார். அந்த ஓரமும் போகும். ஒற்றையடிப் பாதை இப்படித்தான் மூன்று, நான்கு தடமாகப் பிரிந்து விரிகிறது. ஆறாத புண் ஓரத்தில் பரவுவதை மருத்துவமனையில் பார்ப்போமே, அதே கதைதான்.

5/
இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். சேதத்தின் பெரும்பகுதி ஆரம்பத்து மிதியிலேயே நடந்துவிடுகிறது. ஏற்கெனவே தேய்ந்த பாதையில் நூறு பேர் கூடுதலாக நடப்பதைவிட, புல் இருக்கிற இடத்தில் சில பேர் புதுசாக ஒரு குறுக்கு வழி போடுவது செடிகளுக்கு அதிக சேதம். "நாலு பேர் தானே போனோம்" என்ற சமாதானம் இங்கே செல்லாது.

போன மண் திரும்பி வர எவ்வளவு நாள்? மேல்மண் ஒரு அங்குலம் உருவாகவே பல நூறு ஆண்டுகள் ஆகும். நம் தோல் மாதிரி ரெண்டு வாரத்தில் வளர்ந்துவிடாது.

6/
இனி காலண்டரைப் பாருங்கள். மே 31 வரை மலை திறந்திருக்கிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை. அதாவது நாலு மாதம் மிதிபட்டு, பொடிப்பொடியாகி, புல் இல்லாமல் கிடக்கிற மண்ணின் மேல் நேரடியாக மழை இறங்குகிறது. நடுவில் பாதையைச் சரி செய்ய அவகாசமே இல்லை.

அந்த மண் எங்கே போகும்? நொய்யல் பிறப்பதே இந்த மலைகளில்தான். ஓடையில் இறங்கி, ஆற்றில் சேர்ந்து, கோவையின் குளங்களில் வண்டலாகப் படியும். அப்புறம் "குளம் தூர்ந்துபோச்சு" என்று தூர்வார நிதி ஒதுக்குவோம்.

7/
சரி, இதில் டாக்டருக்கு என்ன வேலை?

முதல் காரணம்: கணுக்கால், முட்டி. படி ஏறும்போது முதல் சில படிகளிலேயே நம் மூளை உயரத்தைக் கணக்குப் போட்டுவிடும். அப்புறம் பார்க்காமலேயே கால் வைப்போம். ஒரு படி அரை ஜாண் கூடவோ குறையவோ இருந்தால் தடுக்கிவிடும். அரிப்பு எடுத்த பாதையில் ரெண்டு படி ஒரே உயரத்தில் இருக்காது. மலையில் பெரும்பாலும் விழுவது இறங்கும்போதுதான். தொடைத் தசை சோர்ந்து, இரவு முழுக்கத் தூங்காமல் டார்ச் வெளிச்சத்தில் ஏறியவர் காலையில் இறங்கும்போது ஒரு கல் ஆடினால் போதும்.

8/
இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். 2024 சீசனில் மலை ஏறும்போது மயங்கி விழுந்து பலர் இறந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள்.

இதயம் நின்றால், நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் மின் அதிர்ச்சியும் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. மலை மேல் ஆம்புலன்ஸ் வராது. டோலி கட்டித் தூக்கி வருகிறவர்கள்தான் ஆம்புலன்ஸ். அவர்கள் இறங்க வேண்டிய பாதை இடுப்பளவு பள்ளமாகவும், ஆடும் கல்லாகவும் இருந்தால்? நெஞ்சுவலியோடு இருக்கிறவரைச் சுமந்துகொண்டு அதில் எப்படி வேகமாக இறங்குவார்கள்?

பாதை நன்றாக இருப்பதும் உயிர்காக்கும் சிகிச்சையில் ஒரு பகுதிதான் நண்பர்களே.

9/
"அப்போ மலையை மூடிடலாமா?" வேண்டாம். மருந்து இருக்கிற நோய்க்கு எதற்கு அறுவை சிகிச்சை?

பெருவில் மச்சு பிச்சுவுக்குப் போகும் இன்கா பாதையில் சுமை தூக்குகிறவர்கள், வழிகாட்டிகள் எல்லாரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேர்தான். ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி மாதம் முழுக்க மூடி, பாதையைச் சரி செய்கிறார்கள். ஜப்பானில் ஃபூஜி மலை அவர்களுக்கும் புனித மலைதான். அங்கே யோஷிடா பாதையில் 2024 முதல் ஒரு நாளைக்கு 4,000 பேர் என்று வரம்பு வைத்து, கட்டணமும் வாங்குகிறார்கள்.

10/
பக்கத்திலேயே பாருங்கள். 2024 ஜனவரியில் குடியரசு தின விடுமுறைக்கு கர்நாடகாவின் குமார பர்வதத்தில் கூட்டம் அலைமோதிய வீடியோ வந்தது. அதற்குப் பிறகுதான் அங்கே முன்பதிவு இல்லாத மலையேற்றங்களை நிறுத்தி வைத்தார்கள்.

நம் ஊரில் 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகள், ஆன்லைன் பதிவு, உள்ளூர் வழிகாட்டி என்று நல்ல ஏற்பாடு வந்தது. வரவேற்கிறேன்.

ஆனால் தீ செய்தியாகிறது. மண் அரிப்பு செய்தியாவதில்லை. சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தின்பது மாதிரி, சத்தமில்லாமல் நடக்கிறது.

11/
என் கோரிக்கைகள் இவ்வளவுதான்:

ஒன்று, சீசனை ரெண்டு வாரம் முன்னாடியே முடியுங்கள். சிவராத்திரி, தமிழ்ப் புத்தாண்டு, சித்ரா பௌர்ணமி எல்லாம் பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும். மழைக்கு முன் கிடைக்கும் அந்த நாட்களைப் பாதை வேலைக்குக் கொடுங்கள்.

இரண்டு, தண்ணீரை முதலில் கவனியுங்கள். பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கல் பதித்து, ஓடி வரும் நீரை அங்கங்கே ஓரத்துக்குத் திருப்பிவிட்டாலே பாதி அரிப்பு நிற்கும். பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. நம் விவசாயிக்குத் தெரிந்த வரப்பு, வாய்க்கால் கணக்குதான்.

12/
மூன்று, குறுக்கு வழிகளை முள், மரக்கிளை போட்டு அடையுங்கள். புல் தானே வரும்.

நான்கு, இந்த வேலையை அடிவாரத்துப் பழங்குடி கிராம மக்களுக்குக் கூலியோடு கொடுங்கள். மலையை அவர்களைவிடத் தெரிந்தவர் யார்? சீசன் முடிந்த பிறகும் அவர்களுக்கு ஒரு வருமானம்.

ஐந்து, ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று பதிவு முறை. மலை வனத்துறையிடம் இருக்கிறது, அடிவாரக் கோயில் அறநிலையத்துறையிடம் இருக்கிறது. ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசினால் முடியும்.

13/
"சாமி கும்பிடுறதுக்கு டோக்கனா?" என்று கோபம் வரும். புரிகிறது. திருப்பதியில் இலவச தரிசனத்துக்கே டோக்கன் வாங்கித்தானே வரிசையில் நிற்கிறோம்? காசு வாங்கச் சொல்லவில்லை. எண்ணிக்கையைப் பிரித்துவிடச் சொல்கிறேன். மகா சிவராத்திரி இரவு ஒரே நேரத்தில் ஏறி நெரிசலில் நிற்பது உங்கள் இதயத்துக்கும் நல்லதில்லை.

"மேலே வரைக்கும் கான்கிரீட் படி போட்டுட்டா?" அதுவும் வேண்டாம். கான்கிரீட்டில் தண்ணீர் இன்னும் வேகமாக ஓடி, இரண்டு ஓரத்தையும் அரிக்கும். ஈரத்தில் வழுக்கும். யானைகள் நடமாடும் காடு வேறு. அங்கேயே கிடைக்கும் கல்லைப் பதித்து, வருஷா வருஷம் பார்த்துக்கொண்டால் போதும்.

14/
நாம் செய்ய வேண்டியது:

✅ சேறாக இருந்தாலும் பாதையின் நடுவிலேயே நடங்கள். செருப்பு கழுவினால் போய்விடும்.
✅ குறுக்கே இறங்காதீர்கள். மிச்சமாவது பத்து நிமிடம்தான்.
✅ மூங்கில் தடியைப் பாதை ஓரத்து மண்ணில் குத்தாதீர்கள். கல் மேல் ஊன்றுங்கள்.
✅ மழை பெய்தால் அன்றைக்கு ஏறாதீர்கள்.
✅ 40 வயதுக்கு மேல், அல்லது பிபி, சுகர், இதயப் பிரச்சனை இருந்தால், டாக்டரைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். நெஞ்சில் இறுக்கம், மூச்சுத்திணறல் வந்தால் அங்கேயே உட்காருங்கள். "இன்னும் ஒரு மலைதானே" என்று ஏறாதீர்கள்.

15/
பிபி மாத்திரை ஒரு நாள் போட்டால் பத்து வருஷத்துக்குப் போதுமா? தினமும் போட வேண்டும். பாதையும் அப்படித்தான். ஒருமுறை படி கட்டி, கல்வெட்டு திறந்துவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். பராமரிப்புக்கு ரிப்பன் வெட்ட முடியாது என்பதால்தான் அதற்கு நிதியும் வருவதில்லை.

கேட்டால்தான் வரும். இந்த வருஷம் ஏறி இறங்கியவர்கள் பாதை கெட்டிருந்த இடத்தைப் போட்டோ எடுத்து, எந்த மலை என்று எழுதி, வனத்துறைக்கு அனுப்புங்கள். அர்ச்சனைத் தட்டு மாதிரி அதையும் ஒரு காணிக்கையாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மலை ஏறும் உங்கள் நண்பர்களுக்கும் பகிருங்கள். 🙏