பூச்சி எல்லாம் பகையில்லை

சிங்கப்பூரில் வளரும் பிள்ளைக்கு முதலில் அறிமுகமாகும் பூச்சி பெரும்பாலும் கொசுதான். அதற்குக் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டில் மட்டும் இங்கு 35,000க்கும் மேற்பட்டோர் டெங்கியால் பாதிக்கப்பட்டனர். பூச்சாடித் தட்டில் தேங்கிய நீரைக் கொட்ட வேண்டும் என்பது சிறுவர்களுக்கும் தெரிந்த பாடம். ஆனால், அது மட்டுமே பாடமாகிவிட்டால், தேனீ, வண்டு, கம்பளிப்புழு எல்லாமே ஒழிக்கப்பட வேண்டியவை என்ற எண்ணம் பிஞ்சு மனத்தில் பதிந்துவிடும்.

நம் நாடு செல்லும் திசையோ வேறு. சிங்கப்பூர்ப் பசுமைத் திட்டம் 2030 இயற்கையோடு இணைந்த நகரை இலக்காகக் கொண்டுள்ளது. தேசியப் பூங்காக் கழகம் 2005ல் தொடங்கிய திட்டத்தின்கீழ் 1,500க்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் உருவாகியுள்ளன. பூமலையில் சிறுவர்களுக்கென்றே 2007ல் ஒரு தோட்டம் திறக்கப்பட்டது. செடிகள் பெருகினால் பூச்சிகளும் வரும். அவற்றைக் கண்டு அஞ்சும் தலைமுறை பசுமை நகரில் எப்படி மகிழ்ச்சியாக வாழும்?

இதற்கு விடை தோட்டத்திலேயே இருக்கிறது. எலுமிச்சை, கறிவேப்பிலை போன்ற செடிகளில் சிலவகை வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். இளம்புழு பறவையின் எச்சம்போலத் தோன்றும். வளர்ந்ததும் இலையின் பச்சை நிறத்துக்கு மாறிவிடும். பறவைகளிடமிருந்து தப்ப அது கையாளும் உத்தி அது. புழுவைத் தேடிக் கண்டுபிடிப்பதே பிள்ளைகளுக்கு நல்ல கண்ணாமூச்சி விளையாட்டு.

முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்ந்த பூச்சி என்னும் நான்கு பருவங்கள் கொசுவுக்கும் உண்டு. வண்ணத்துப்பூச்சியின் புழு இலையில் வளர்கிறது, கொசுவின் புழு நீரில் வளர்கிறது. இந்த மாற்றத்தை நேரில் பார்த்த பிள்ளைக்கு, தேங்கிய நீரை ஏன் கொட்டுகிறோம் என்பதும் எளிதில் விளங்கும். புகையடித்தால் பறக்கும் கொசு சாகும், நீரிலுள்ள புழு தப்பிவிடும், அருகிலுள்ள மற்றப் பூச்சிகளும் மடியலாம் என்பதையும் அப்பிள்ளை புரிந்துகொள்ளும். ஆக, பூச்சிகளை அறிவது டெங்கி ஒழிப்புக்கும் துணைதான்.

இதில் மாணவர்களுக்கும் பங்குண்டு. சமூகச் சேவைக்கு என்ன செய்யலாம் என்று யோசிப்போர், அக்கம்பக்கப் பாலர் பள்ளிப் பிள்ளைகளைச் சமூகத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லலாம். ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி போதும். கொட்டும் பூச்சிகளைத் தொடாமல் தள்ளி நின்று பார்க்கவும், பார்த்த புழுவை அதன் இலையிலேயே விட்டுவரவும் கற்றுக்கொடுங்கள். எதை ஒழிக்க வேண்டும், எதை வாழவிட வேண்டும் என்று பிரித்தறியப் பழகுவதே அவர்களுக்கு முதல் அறிவியல் பாடம்.